அஷ்டமியன்று நான் கோக்காவை அழித்த கதை

கல்கத்தாவில் துர்கா பூஜை நேரத்தில் ஓர் ஆபீஸ் இயங்கிக்கொண்டிருக்கிறது என்றால், உள்ளே ஒரு தமிழன் மாட்டிக்கொண்டிருக்கிறான் என்று அர்த்தம். ஷஷ்டி வந்ததும் ஊரே புது உடுப்பு மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கிவிடும். தெருவில் இறங்காதவர்கள் பூரிக்கோ டார்ஜிலிங்குக்கோ ரயிலேறிவிடுவார்கள். அப்போது ஆபீஸில் எல்லாருடைய கண்ணும் ஒரே பக்கம் திரும்பும். "உங்களுக்குத்தான் பூஜை கிடையாதே! வீட்டுல பொம்மை வைப்பீங்க, அவ்வளவுதானே?" என்பார்கள். (அந்தப் பொம்மைகளைப் பரணிலிருந்து இறக்கி இறக்கி என் இடுப்பு போனது யாருக்குத் தெரியும்?)

நான் பவானிபூரில் பிறந்து வளர்ந்தவன். தமிழைவிட வங்காளம் சரளமாக வரும். கனவில் திட்டு வாங்குவதுகூட வங்காளத்தில்தான். இருந்தும் எந்தக் கம்பெனியில் சேர்ந்தாலும் பூஜை டியூட்டி என் தலையில்தான் விழும். அந்த வருடம் மழைக்காலத்தில் ஒரு புதுக் கம்பெனியில் சேர்ந்தேன். அங்கேயும் அதே கதைதான். ஒரே வித்தியாசம், இந்த முறை எனக்குத் துணையாக ஓர் ஏஐ உதவியாளரையும் விட்டுவிட்டுப் போனார்கள்.

அந்தக் கம்பெனி பூஜைக் கமிட்டிகளுக்கு போக் கூப்பன் ஆப் நடத்தியது. அஷ்டமி மதியம் பந்தலில் அம்மனுக்குப் படைத்த கிச்சடியைத் தெருக்காரர்கள் எல்லாரும் வரிசையாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அதற்குப் பெயர்தான் போக். முன்பெல்லாம் காகிதக் கூப்பன். அதை யாரோ ஜெராக்ஸ் எடுத்துவிடுவார்கள், பக்கத்துத் தெரு வந்து சாப்பிட்டுவிடும், சொந்தத் தெருக் கிழவர்கள் காலித் தட்டோடு நிற்பார்கள். எங்கள் ஆப்பில் கூப்பன் போனுக்கே வந்துவிடும். வாசலில் ஸ்கேன் செய்தால் உள்ளே விடுவார்கள். ஜெராக்ஸ் செல்லாது.

இதெல்லாம் கிளவுடில் ஓடியது. கிளவுட் என்றால் வானத்தில் ஒன்றும் இல்லை. எங்கோ ஒரு கட்டிடத்தில் வாடகைக்கு எடுத்த சர்வர்கள், அவ்வளவுதான். இங்கே உட்கார்ந்தபடியே புதிதாக ஒன்றை எழுப்பலாம், இருப்பதை நிறுத்தலாம், வேண்டாததை அழிக்கலாம். முன்பு அதற்குப் பத்துக் கட்டளைகளைப் பிழையில்லாமல் அடிக்க வேண்டும். உதவியாளர் வந்தபிறகு, மனிதனிடம் சொல்வதுபோலச் சொன்னால் போதும், அது செய்துவிடும். பத்துக் கட்டளை அடிப்பதற்குள் மனிதனுக்குப் புத்தி திரும்பிவிட வாய்ப்பிருந்தது என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை.

இப்போது அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அன்று போனது அவருடைய மானம்தான்.

அப்பா நடராஜன், பாங்க் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். வாலிபத்தில் மாற்றலாகி இங்கே வந்தவர், திரும்பிப் போகவில்லை. எங்கள் பாடாவில், அதாவது எங்கள் தெருவும் அதைச் சுற்றியுள்ள சந்துகளும் சேர்ந்த பேட்டையில், வருடா வருடம் பூஜைக்குச் சந்தா கொடுப்பார், நாற்காலியில் உட்காருவார், வருவார். அவ்வளவுதான். கமிட்டிக்குள் ஒருநாளும் யாரும் கூப்பிட்டதில்லை. அந்த வருடம் ஜெராக்ஸ் கூப்பன் சண்டையைத் தீர்க்க என்ன வழி என்று கமிட்டித் தலைவர் பல்ட்டு-தா (தா, தாதா என்றால் அண்ணன்) புலம்பியபோது, அப்பா எழுந்து நின்று என் கம்பெனி ஆப்பைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். பல்ட்டு-தா அதே கூட்டத்தில் அவரை இணைச் செயலாளர் ஆக்கிவிட்டார். அந்தப் பாடாவின் சரித்திரத்தில் முதல் மெட்ராஸி இணைச் செயலாளர்!

இணைச் செயலாளருக்கு ஒரு பேட்ஜ் உண்டு. தாமரைப்பூ அளவுக்குச் சிவப்பு சாட்டின் துணியில் மடிப்பு மடிப்பாக, நடுவில் பொன்னெழுத்தோடு. அப்பா அதை வீட்டிலேயே குத்திக்கொண்டு கண்ணாடி முன் நின்று வங்காளத்தில் மைக் அறிவிப்பு ஒத்திகை பார்த்தார். "போறும், உடனே உங்களை முதல் மந்திரி ஆக்கப்போறாளா?" என்றாள் அம்மா. அப்பா காதில் வாங்கவில்லை.

எனக்கும் ஆசை வந்துவிட்டது. பிறந்ததிலிருந்து பார்க்காத காட்சி, அப்பா பேட்ஜோடு பந்தல் வாசலில் நிற்பது. பக்கத்தில் நான் நிற்க வேண்டாமா?

பஞ்சமியன்று என் மேலதிகாரி தீபங்கர்-தா பூரிக்குக் கிளம்பினார். சர்வர்களின் பொறுப்பை என்னிடம் ஒப்படைக்கும் சடங்கு லிஃப்டில் நடந்தது. ஒரு கையில் சூட்கேஸ், மறு கையில் மாமியாரின் வெந்நீர் ஃபிளாஸ்க்.

"ஒண்ணையும் தொடாதே. அலாரம் அடிச்சா பாரு. போனை சைலன்ட்ல போடாதே, அது டியூட்டி ரூல். மத்தபடி எல்லாம் உதவியாளருக்குத் தெரியும்" என்றார்.

"சர்வர் பேரெல்லாம் ஒரு மாதிரி இருக்கே தாதா?"

"அது ஒண்ணுமில்ல, பழகிடும்" என்றார். லிஃப்ட் கதவு திறந்தது. டாக்ஸி வந்துவிட்டது.

ஒரு மாதிரி என்று நான் சொன்னதற்குக் காரணம் இருந்தது. வங்காளிகளுக்கு ஆளுக்கு இரண்டு பெயர். ஒன்று டாக் நாம், வீட்டில் கூப்பிடும் செல்லப் பெயர். இன்னொன்று பாலோ நாம், பள்ளிக்கூடத்துக்கும் ஆபீஸுக்குமான நல்ல பெயர். வெளியே ஹைகோர்ட் வக்கீலாக இருப்பவர் வீட்டில் பொட்லாவாக இருப்பார். தீபங்கர்-தா சர்வர்களுக்கும் அப்படியே வைத்திருந்தார். சிலவற்றின் பெயர் சத்யபிரதோ, மிருத்யுஞ்ஜய் என்று கம்பீரமாக இருந்தது. சிலவற்றுக்கு வெறும் செல்லப் பெயர். ஒன்று கோக்கா; நம் வீடுகளில் அம்பி என்பதுபோல, சின்னப் பையன். ஒன்று புடோ, அதாவது கிழவன். இன்னொன்று கோக்கார் மா. கோக்காவின் அம்மா! (சர்வருக்கு அம்மாவா என்று நான் அன்றே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.)

அஷ்டமி காலை அஞ்சலி. பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் குளித்துவிட்டு வந்து, கையில் பூவோடு நின்று, புரோகிதர் மைக்கில் சொல்லும் மந்திரத்தைத் திருப்பிச் சொல்ல வேண்டும். முதல் வரிசையில் பல்ட்டு-தா, பேட்ஜோடு அப்பா, நீல ஜிப்பாவில் நான். என்னுடைய டியூட்டிக்கு ஆபீஸ் போக வேண்டியதில்லை, போன் கையில் இருந்தால் போதும். இருந்தது.

முதல் மந்திரத்தின் நடுவில் அலாரம் அடித்தது. அது சாதாரணச் சத்தம் இல்லை. செத்தவனை எழுப்புகிற மாதிரி, ஆம்புலன்ஸ் ஊளை. புரோகிதர் நிறுத்திவிட்டார். பின்வரிசையில் இரண்டு பேர் நோயாளிக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றார்கள்.

எடுத்துப் பார்த்தேன். "கோக்கா மூச்சு வாங்குகிறது" என்று உதவியாளர் எழுதியிருந்தது. சரி என்று அமுக்கினேன். மந்திரம் தொடங்கியது. மறுபடி ஊளை. "புடோவால் சுமை தாங்க முடியவில்லை." அமுக்கினேன். மறுபடி. பல்ட்டு-தா திரும்பி என்னைப் பார்க்கவில்லை, அப்பாவைப் பார்த்தார். அப்பாவின் காது பேட்ஜின் நிறத்துக்குப் போனது.

"அதை அணைச்சுத் தொலைடா!" என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு.

போனை அணைத்திருக்கலாம். யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். ஆனால் போனை சைலன்டில் போடுவது டியூட்டி விதிப்படி குற்றம். நான் விதியை மீறாதவன். அதனால் போனை விட்டுவிட்டு சர்வரை அணைக்க முடிவு செய்தேன்.

வலது கையில் பூ. இடது கட்டைவிரலால் உதவியாளரிடம் கேட்டேன்: இந்தச் சத்தம் போடுகிறவை எல்லாம் அவசியம்தானா?

அதன் பதில் ஆங்கிலத்தில்தான் வந்தது. ஆனால் அந்தப் பணிவைத் தமிழில்தான் சொல்ல முடியும். "நல்ல கேள்வி! இந்தச் சர்வர்களின் பயன்பாடு பற்றி எங்கும் குறிப்பு எழுதப்படவில்லை. பெயர்களில் மட்டும் இரண்டு வகை தெரிகிறது. எந்த வகை முக்கியமானது என்று தாங்கள் சொன்னால் உதவியாக இருக்கும்."

இந்த இடத்தில்தான் என் மேதாவித்தனம் கொடி கட்டிப் பறந்தது. பவானிபூர்க்காரனுக்கு டாக் நாம் பற்றி ஒரு மெஷின் பாடம் எடுப்பதா? நானே எடுத்தேன். செல்லப் பெயர் வீட்டுக்கு, நல்ல பெயர் ஆபீஸுக்கு. ஆகவே நல்ல பெயர் உள்ளவைதான் நிஜ வேலை செய்பவை, அவற்றைத் தொடாதே. செல்லப் பெயர் உள்ளவை வீட்டோடு விளையாட, அதாவது பரிசோதனைக்கு வைத்தவை. அவற்றை எடுத்துவிடலாம். இதையெல்லாம் மந்திரத்தை முணுமுணுத்துக்கொண்டே அடித்தேன்.

"மிக அருமையான விளக்கம்! உள்ளூர் பண்பாட்டைப் பற்றிய தங்கள் புரிதல் இந்த முடிவை எளிதாக்குகிறது. கோக்கா, புடோ, கோக்கார் மா ஆகிய மூன்றையும் நிரந்தரமாக அழிக்கட்டுமா?"

ஆமாம்.

"இவற்றின்மேல், தவறுதலாக அழிக்காமல் இருக்க ஒரு பூட்டு போடப்பட்டுள்ளது. பூட்டை எடுத்துவிடட்டுமா?"

உலகத்தில் எந்த முட்டாளும் அந்தக் கேள்வியில் ஒரு நொடி நின்றிருப்பான். விளையாட்டுச் சாமானுக்கு யார் பூட்டுப் போடுவார்கள்? எனக்கு அது தோன்றவே இல்லை. புரோகிதர் "பூவைக் கொடுங்கள்" என்று சொல்லிவிட்டார், எல்லாரும் கையை நீட்டுகிறார்கள், நான் மட்டும் போனோடு நிற்கிறேன். ஆமாம் என்று அடித்துவிட்டுப் பூவைப் போட்டேன். அம்மன் காலடியில் பூவும் கிளவுடில் சர்வரும் ஒரே நேரத்தில் விழுந்தன.

அதற்குப் பிறகு அலாரம் அடிக்கவே இல்லை. அப்பா என் பக்கம் திரும்பி லேசாகத் தலையாட்டினார். "கெட்டிக்காரன்" என்று அர்த்தம்.

மதியம் போக் தொடங்கும் நேரம். வாசலில் மேஜை. அப்பா, கையில் ஸ்கேன் செய்யும் போனோடு, கல்யாண வீட்டில் பெண்ணின் தகப்பனார் மாதிரி எல்லாரையும் வரவேற்றுக்கொண்டு நின்றார். வரிசை பந்தலைச் சுற்றி, மிட்டாய்க் கடையைத் தாண்டி, மெட்ரோ பக்கம் போய்விட்டது. முதலில் வந்தது மிட்டு போதி, எங்கள் எதிர் வீட்டு அண்ணி. போனை நீட்டினார். அப்பா ஸ்கேன் செய்தார். திரையில் ஒரு வட்டம் சுற்றியது.

சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது.

"நெட் வீக்கா இருக்கும், நடராஜன்-பாபு" என்றார் மிட்டு போதி, ஆறுதலாக. (பாபு என்றால் நம்ம 'சார்' மாதிரி.)

அடுத்தவர். வட்டம். அதற்கடுத்தவர். வட்டம். நான் மெல்ல நழுவிப் பந்தலின் பின்பக்கம் போனேன். மூங்கிலும் சணலும் கிடக்கும் அந்த இருட்டு மூலையில் உட்கார்ந்து உதவியாளரைக் கேட்டேன்: கூப்பன் எல்லாம் எந்தச் சர்வரில் இருக்கிறது?

"கூப்பன்கள் கோக்காவில் சேமிக்கப்பட்டிருந்தன. கோக்கா தங்கள் அறிவுரைப்படி அகற்றப்பட்டுவிட்டது."

சரி, ஸ்கேன் செய்வது?

"அதை புடோ செய்துவந்தது."

பேக்கப் இருக்குமே! பேக்கப்பிலிருந்து எடு!

"கோக்காவின் பேக்கப் கோக்கார் மாவில் இருந்தது. நிலைமையை நான் முழுமையாக உணர்கிறேன். தாங்கள் சொன்னது சரி, நான் செய்தது தவறு. வேறு ஏதேனும் உதவி வேண்டுமா?"

காலையில் அலாரம் ஏன் அடித்தது என்று அப்போதுதான் புரிந்தது. ஊர் முழுக்க அஷ்டமி போக்குக்காகக் கூப்பன் எடுத்துக்கொண்டிருந்தது. வேலை செய்தவர்களுக்குத்தான் மூச்சு வாங்கியது. நல்ல பெயர்க்காரர்கள் சத்தமே போடவில்லை, ஏனென்றால் அவர்கள் ஒன்றுமே செய்யவில்லை. உழைத்த மூன்று பேரையும் கொன்றுவிட்டு, சும்மா இருந்த சத்யபிரதோவைக் காவல் காத்திருக்கிறேன்.

பூரிக்குப் போன் போட்டேன். பின்னால் கடல் இரைந்தது.

"தாதா, கோக்கா இல்ல" என்றேன். வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

"இல்லன்னா?"

"அழிச்சுட்டேன்."

"புடோ?"

"அதுவும்."

அவர் ரொம்ப மெதுவாக, "கோக்கார் மா இருக்காளா?" என்றார். அந்தக் குரலில் அவ்வளவு நம்பிக்கை இருந்தது.

"இல்ல தாதா."

"ஷொர்போநாஷ்!" என்று கத்தினார். சர்வநாசம். "கோக்காவும் போயிட்டான், கோக்கார் மாவும் போயிட்டாளா!" அந்தப் பக்கம் அவர் மாமியார் ஓலமிட ஆரம்பித்தது கேட்டது. எந்தச் சொந்தக்காரர் வீட்டில் தாயும் பிள்ளையும் போனார்களோ என்று பக்கத்து அறைக்காரர்கள் எல்லாம் ஓடி வந்து அவருக்குத் தண்ணீர் கொடுத்ததாகப் பின்னால் தெரிந்தது.

அந்தச் சமயத்தில்தான் தலைக்கு மேலிருந்த ஒலிபெருக்கி கரகரத்தது. பூஜை மைக்கில் நாள் முழுக்கக் காணாமல் போன குழந்தைகளை அறிவிப்பார்கள். பல்ட்டு-தா அதே ராகத்தில் ஆரம்பித்தார்.

"ஒரு சிறப்பு அறிவிப்பு! வெங்கடேஷ், வெங்கடேஷ், நீல ஜிப்பா, கண்ணாடி போட்டிருப்பார். நடராஜன்-பாபுவின் மகன். எங்கே இருந்தாலும் உடனே கமிட்டி ஆபீசுக்கு வரவும். உங்கள் அப்பா உங்களுக்காகக் காத்துக்கொண்டிருக்கிறார்."

எனக்கு அப்போது முப்பது வயது தாண்டிவிட்டது. இரண்டாம் முறை அறிவித்தபோது உயரமும் சொன்னார். பூமி பிளந்து என்னை விழுங்கினால் தேவலை என்றிருந்தது. ஆனால் பவானிபூரில் பூமிக்குக் கீழே மெட்ரோ ஓடுகிறது.

போய் நின்றேன். நடந்ததை, பெயர்கள் உட்பட, உளறினேன். எப்போது சரியாகும் என்று பல்ட்டு-தா கேட்டார். தெரியாது என்றேன். அவர் வரிசையைப் பார்த்தார். வெயில். கிழவிகள். அழும் குழந்தைகள். "கேட்டைத் திற. எல்லாரையும் விடு" என்றார். திறந்தார்கள். எங்கள் பாடா, பக்கத்துப் பாடா, வழியில் போனவர்கள், பஸ்ஸிலிருந்து இறங்கியவர்கள் எல்லாரும் வந்து சாப்பிட்டார்கள். நன்றாகவே சாப்பிட்டார்கள். கிச்சடி தீர்ந்தபோது, வெயிலுக்குப் பயந்து கடைசியாக வந்த சொந்தத் தெருக் கிழவர்கள் தட்டோடு நின்றார்கள். எது நடக்கக் கூடாது என்று அப்பா இந்த ஆப்பைக் கொண்டுவந்தாரோ, அது போன வருடத்தைவிட அமோகமாக நடந்தது.

என் போனில் மற்றக் கமிட்டிகள் வரிசையாகக் கூப்பிட்டன. ஊரில் எங்கெங்கு எங்கள் ஆப்போ, அங்கெல்லாம் அந்த வட்டம் சுற்றியது.

அப்பா மைக்கை வாங்கினார். ஒத்திகை பார்த்த வங்காளம் எல்லாம் மறந்துபோய், பாங்க் கடிதம் மாதிரி ஒரு பாஷையில் பேசினார். "இந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்தது நான். இதில் நடந்த தவறுக்கு நான் ஒருவனே பொறுப்பு. பெரியவர்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன்" என்றார். என் பெயரைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை. அந்த ஒலிபெருக்கிகள் தெரு முனை வரை கட்டியிருந்தன. எங்கள் வீட்டில் கொலுவுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த அம்மாவுக்குக்கூடக் கேட்டிருக்கிறது.

பிறகு அப்பா சட்டையிலிருந்து பேட்ஜைக் கழற்றினார். ஊசியை மூடி, மடிப்பு நசுங்காமல் மேஜைமேல் வைத்தார். "என்ன நடராஜன்-பாபு, அது இருக்கட்டுமே" என்றார் பல்ட்டு-தா. எடுத்துக் கையில் கொடுக்கவில்லை. நானும் அப்பாவும் வீட்டுக்கு நடந்தோம். வழியில் அவர் திட்டியிருந்தால் சாப்பாடாவது இறங்கியிருக்கும்.

அம்மா கதவைத் திறந்து எங்கள் இரண்டு பேரையும் பார்த்தாள். கையில் ஆளுக்கொரு தொன்னை சுண்டலைத் திணித்தாள். "என் கொலுவுக்கு வர்றவா யாரையும் நான் கூப்பன் கேக்கறதில்லை" என்று மட்டும் சொன்னாள்.

தீபங்கர்-தாவின் லேப்டாப்பில் ஒரு பழைய பிரதி இருந்தது. பூரி ஓட்டல் அறையில் உட்கார்ந்து, மாமியாரைச் சமாதானப்படுத்திக்கொண்டே, மாலை ஆரத்திக்குள் ஆப்பை எழுப்பிவிட்டார். போக் முடிந்து அண்டா கழுவிக் கவிழ்த்த பிறகு, என் போனில் "கூப்பன் தயார்" என்று வந்தது.

லட்சுமி பூஜை முடிந்து ஆபீஸ் திறந்தது. தீபங்கர்-தா கத்தவில்லை. எனக்குப் பூரியிலிருந்து காஜா இனிப்பு ஒரு பொட்டலம் கொடுத்தார், அது அதைவிட மோசம். நான் என் தத்துவத்தைச் சொல்லிப் பார்த்தேன். வீட்டுக்குச் செல்லப் பெயர், ஆபீஸுக்கு நல்ல பெயர்.

"நீ இந்த ஊர்லதானே பொறந்தே?" என்றார். "செல்லப் பேரு யாருக்கு வைப்போம்? யார் இல்லாம ஒரு நாள் ஓடாதோ அவங்களுக்கு. நாளெல்லாம் 'கோக்கா, கோக்கா'ன்னு கூப்பிட வேண்டியிருக்கு. சத்யபிரதோன்னு யார் கூப்பிடுவா? இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட் கூப்பிடுவான். நல்ல பேரு வெச்சதெல்லாம் சும்மா டெஸ்ட்டுக்கு. இருந்தாலும் போனாலும் ஒருத்தருக்கும் தெரியாது."

உதவியாளரிடமிருந்து அழிக்கும் அதிகாரத்தைப் பிடுங்கிவிட்டார்கள். அதற்கு முன் என்னிடமிருந்து பிடுங்கினார்கள்.

அன்று சாயங்காலம் இதை வீட்டில் சிரிப்புக்காகச் சொன்னேன். அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். மடித்து வைத்தார்.

"இந்தப் பாடாவுல பல்ட்டு இருக்கான், பாப்பாய் இருக்கான், போம்பா இருக்கான். எனக்கு இத்தனை வருஷமா நடராஜன்-பாபுதான்" என்றார். "அப்போ நான் டெஸ்ட் சர்வர்தான்டா."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நான் ஒரு காஜாவை எடுத்து அவரிடம் நீட்டினேன்.

பூஜை முடிந்தபின் பெரியவர்கள் வீட்டுக்குப் போய்க் காலைத் தொட்டு விஜயா வாழ்த்துச் சொல்ல வேண்டும். பல்ட்டு-தா வீட்டுக்குப் போக அப்பா மறுத்துவிட்டார். "தப்பு பண்ணினவாதான் முதல்ல போகணும்" என்று அம்மா எங்கள் இரண்டு பேரையும் முன்னால் விட்டுப் பின்னாலேயே வந்தாள், தப்பித்து ஓடாமல் இருக்க.

நான் குனிந்து காலைத் தொட்டேன். பல்ட்டு-தா என் தலையில் கை வைத்தபடியே எடுக்கவில்லை.

"எங்க கோக்காவைத் தொலைச்சது நீதானே? அப்போ அவன் இடத்துல நீ இரு. வெங்கடேஷ் நீளமா இருக்கு, வாயில நுழையல. இன்னிலேருந்து நீதான் கோக்கா."

வழுக்கை விழ ஆரம்பித்த எனக்கு, அம்பி என்று பெயர்! மறுநாளே மீன் கடைக்காரர் முதல் ஆட்டோ ஸ்டாண்டு வரை பரவிவிட்டது. எனக்குப் பெண் பார்த்து, பெண் வீட்டார் விசாரிக்க வந்தபோது, வெங்கடேஷ் என்று இங்கே யாரும் இல்லை என்று தெருவே சொல்லி அனுப்பிவிட்டது. அம்மா மட்டும் சந்தோஷப்பட்டாள். "அப்போ நான் கோக்கார் மா. பேக்கப்! இந்தாத்துல அது எனக்கு முன்னாடியே தெரியும்" என்றாள். இன்றைக்கும் வீட்டில் எதையாவது தூக்கி எறியப் போனால், "அதுக்குச் செல்லப் பேர் இருக்கான்னு பாத்துட்டு எறிடா" என்பாள்.

காகிதக் கூப்பன் திரும்பி வந்தது. எனக்குப் பூஜை டியூட்டி போடுவதில்லை. கேட்காமலேயே விடுமுறை கொடுத்து, கம்ப்யூட்டரையும் வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். அப்பா பந்தலில் கடைசி வரிசை நாற்காலிக்குத் திரும்பிப் போனார். அடுத்த பூஜைக்குக் கமிட்டிக் கூட்டம் நடந்தது. அவரைக் கூப்பிடவில்லை. அதற்கு அடுத்ததற்கும் இல்லை. அவரும் கேட்கவில்லை.

போன அஷ்டமியும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தோம், கடைசி வரிசையில் மூன்று பேரும். போக் தொடங்கும் நேரம். வாசலில் ஏதோ இரைச்சல், ஜெராக்ஸ் கூப்பன் என்று யாரோ யாரையோ பிடித்திருந்தார்கள். மைக் கரகரத்தது. பல்ட்டு-தாவுக்கு இப்போது குரல் நடுங்குகிறது.

"கோக்கார் பாபா! கோக்கார் பாபா, எங்கே இருந்தாலும் உடனே கூப்பன் மேஜைக்கு வரவும். கோக்கார் பாபா!"

கோக்காவின் அப்பா யார் என்று அப்பாவும் எல்லாரையும்போலச் சுற்றுமுற்றும் பார்த்தார். அம்மா முழங்கையால் இடித்தாள். "உங்களைத்தான் கூப்பிடறா."

அப்பா எழுந்தார். ஜிப்பாவை இழுத்துவிட்டுக்கொண்டார். பேட்ஜ் குத்தியிருந்த இடத்தைக் கை ஒருமுறை தடவியது. பிறகு அவர் நடந்த வேகத்தில், முழங்கால் வலி என்று தினமும் மாத்திரை போடுகிறவர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. நானும் எழுந்து அவர் பின்னால் இரண்டு அடி வைத்தேன்.

மைக் மறுபடி கரகரத்தது.

"கோக்கா, நீ வராதே. நீ அங்கேயே உட்காரு."